மூன்றாம் பத்திக்குக் கீழே

பாம்பனில், ஐஸ் கம்பெனிக்கு மேல்மாடி.
சிக்னல் இரண்டு கோடு காட்டும் ஜன்னலோரம் என் மேசை.
சென்னையில் இருக்கும் ஓர் இணைய இதழுக்கு
இங்கிருந்துதான் பக்கம் கட்டுகிறேன்.
தரை எந்நேரமும் அதிரும்.
எழுத்துகள் அதிராது.

போன மாதம் நம்புசெல்வியின் பேச்சைப் பதிவுசெய்து வந்தேன்.
சின்னப்பாலத்துக்காரி, பாசி எடுப்பவள்.
பதினோரு நிமிடம். பாதிக்கு மேல் காற்று.
சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை,
விரல் விரலாகத் துணிச்சுற்று,
நெற்றியில் தூக்கிவிட்ட கண்ணாடி.
அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள்,
மத்த நாளுக்குக் கடலை விட்டுருவோம் என்றாள்.
"எழுதுனா வெலையை எழுதுங்க. மொதல்ல எழுதுங்க."

ஒரே பேச்சில் மூன்று கட்டுரை கேட்டார்கள்.

ஊர் சுற்றுகிறவர்களுக்கு:
திரை முழுக்க நீலம். அவள் முதுகு மட்டும்.
முகம் தெரிந்தால் கடல் சிறுத்துவிடும்.
'அலைகளோடு பேசும் பெண்கள்.'
வாக்கியத்துக்கு வாக்கியம் 'நீங்கள்',
கடைசியில் படகு வாடகை, தங்குமிடம்.

இருபது வயதுக்காரர்களுக்கு:
ஒரு வரி.

ஒரு வெள்ளை.

ஒரு வரி.
கட்டைவிரல் எங்கும் நின்றுவிடக் கூடாது.
'மூச்சைப் பிடிச்சா ஒன்றரை நிமிஷம்! வேற லெவல் அக்கா.'
அவளுக்கு ஐம்பத்திரண்டு. அக்காவாக்கியது நான்.

உடல்நலப் பகுதிக்குப் பாசியின் ஏழு நன்மைகள்.
தேடிக் கிடைத்தவை ஐந்து. ஏழுதான் ஓடும்.
அதில் அவளுக்கு ஒரு பெட்டி,
இளம்பச்சைப் பின்னணி, பெரிய மேற்கோள் குறிகள்:
"கடல்தான் எங்க அம்மா."
அவள் சொன்னதுதான்.
'கடல்தான் எங்க அம்மா, அதுக்காகத் தராசைப் பாக்காம இருக்க முடியுமா?'
பெட்டிக்குள் முதல் பாதி பொருந்தியது.

விலை மூன்றிலும் இருந்தது.
மூன்றாம் பத்திக்குக் கீழே,
பத்தில் ஏழு பேர் திரும்பிப் போய்விடுகிற இடத்தில்,
ஒரு விளம்பரத்துக்கும் 'இதையும் படியுங்கள்' என்பதற்கும் இடுக்கில்.

நேற்று காட்டப் போனேன்.
என் போன்லயே பாக்குறேன் என்றாள்.
கட்டைவிரலை வைத்தாள். பக்கம் அசையவில்லை.
உப்பு அரித்து, பாறை கீறி, ரேகை போன விரல்.
பொத்தான் இவ்வளவு அகலம், இடைவெளி இவ்வளவு என்று
எத்தனை விரல்களுக்கு அளந்து வைத்திருக்கிறேன்.
இன்னொரு தரம் தேய்த்தாள்.
பிறகு விரலை மடக்கி முட்டியால் தள்ளினாள். நகர்ந்தது.

மூன்றாம் பத்திக்குக் கீழே நின்றுவிட்டாள்.
அந்த இடத்தில் என் திரையில்
கொடைக்கானலில் அறை, இரண்டு இரவுக்குச் சலுகை.
அவள் திரையில்
ஐந்தே நிமிடத்தில் நகைக்கடன்.
காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.
"கட்டுரை யாருக்கோ.
இது மட்டும் எனக்குன்னு தெரிஞ்சு போட்டுருக்கான்."
கோபமில்லை. கெட்டிக்காரன்தான் என்பதுபோல் ஒரு தலையசைப்பு.

திரும்பும் வழியில் பாசிக் கொட்டகை.
வாசலில் கரும்பலகை, சாக்பீஸ் எழுத்து:
மரிக்கொழுந்து 65
கஞ்சி 12
நாளை லோடு இல்லை
நான்கு பெண்கள் நின்று கடைசி வரி வரை படித்தார்கள்.
ஒருத்தி எச்சில் தொட்டு ஐந்தை அழித்து எட்டு போட்டாள்.
கணக்குப்பிள்ளை உட்பட எல்லோரும் சிரித்தார்கள்.
பிறகு அவர் வந்து திரும்பவும் ஐந்தாக்கினார்.

ராத்திரி விலையை முதல் வரிக்கு ஏற்றினேன்.
தலைப்பு ஆளை இழுக்குமா என்று சொல்லும் ஓர முள்
எழுபத்தொன்றிலிருந்து முப்பத்தெட்டுக்கு இறங்கிச் சிவந்தது.
கீழே மெஷினை நிறுத்தியிருந்தார்கள்.
தரை அதிராதபோது கடல் இங்கே வரை கேட்கும்.

மாற்றங்களைச் சேமிக்க விரும்புகிறீர்களா?

மரியாதையாகத்தான் கேட்கிறது,
ஊர் சுற்ற வருகிறவர்களிடம்
நான் பேசும் அதே குரலில்.